மேல் துளை, கீழ்த் துளை

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று கோழி கருகிவிட்டது. மேலே கரி, எலும்போரம் பச்சை. சேலத்திலிருந்து வந்திருந்த குடும்பம் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தது. நான் முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

காற்று மாறி அடித்ததுதான் காரணம். காலையிலிருந்தே மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கரி அடுப்பின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, சேலத்துக்காரரிடம் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். மூடி திறந்திருந்தால் கரி தன் இஷ்டத்துக்கு எரியும். அது இவருக்குத் தெரியாததல்ல. பேச்சு சுவாரசியம்.

அந்த அடுப்பைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வருகிறவர்கள் கேட்கிறார்கள், எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இவர் இங்கே கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் பொறுப்பில் இருந்தவர். ஊர் திரும்பிய வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் விட்டுப்போன அடுப்பு அது. பெரிய உருண்டைக் கெட்டில் மாதிரி, கறுப்பு எனாமல், மூன்று கால், அதில் இரண்டுக்குச் சக்கரம். ஓய்வு பெற்ற பிறகு, வில்பட்டி ரோட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டோம். அறைக்காக வந்தவர்களைவிட இவர் சுடும் கோழிக்காக வந்தவர்கள்தான் அதிகம்.

அக்டோபர் 8, செவ்வாய்

சாம்பல் அள்ளினேன். அடுப்பின் அடியில் மூன்று துளை இருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் உள்ளே மூன்று தகடு சுற்றித் துளைகளைத் திறக்கும், மூடும். அதே தகடுகள் சாம்பலையும் தள்ளி வெளியேற்றும். சாம்பல் அடைத்துக்கொண்டால் நாம் திறந்திருக்கிறது என்று நினைப்போம், உள்ளே காற்றே போகாது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இவரிடம் கேட்டேன். உற்சாகமாகச் சொன்னார். மேலே மூடியில் ஒரு சுழல் தகடு, அதில் நான்கு துளை. கீழே நுழைகிற காற்றுதான் நெருப்புக்குத் தீனி. மேலே போகிற புகைதான் கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் கீழ்த் துளை. மேல் துளையை இறைச்சி உள்ளே இருக்கும்போது முழுக்க மூடவே கூடாது, புகை உள்ளேயே சுற்றி இறைச்சி கசந்துபோகும். கரியை ஒரு பக்கம் குவித்து, இறைச்சியை மறுபக்கம் வைத்து, மேல் துளை இறைச்சிக்கு நேராக வரும்படி மூட வேண்டும். அப்போது சூடு இறைச்சியைத் தடவிக்கொண்டு வெளியே போகும்.

"எவ்வளவு கரி போட்டோங்கறது ரெண்டாவது, பிலோ. எவ்வளவு காத்து விட்டோம், அதுதான் சூடு" என்றார்.

ஒரு சொல் பிசகவில்லை. நான் வீணாகக் கவலைப்பட்டேன்.

அக்டோபர் 9, புதன்

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

இவருக்குத் தோள் வலி. அதனால் அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன். பழைய பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார், அதில் கரியை நிரப்பி அடியில் காகிதம் கொளுத்தினால் மேற்கரி வெள்ளை பூக்கும். அப்புறம்தான் அடுப்பில் கொட்ட வேண்டும். கீழ்த் துளை காற்று வரும் திசையைப் பார்க்கும்படி அடுப்பை நிறுத்தினேன். முதலில் மேல் துளை, கீழ்த் துளை இரண்டையும் முழுக்கத் திறந்து, சூடு ஏறியதும் கீழே பாதியாக்கினேன். கோழி நன்றாகவே வந்தது. கால் பகுதி கொஞ்சம் உலர்ந்துவிட்டது.

அறைகளைக் கூட்டித் துடைக்கக் கோமதி வருகிறாள். அடுத்த வீட்டுக்காரி. இன்று பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள், இவர் அவளிடம், "உங்க வீட்டுக்காரர் எங்க, ஆளையே காணோம்" என்று கேட்டாராம். அவள் புருஷன் செத்து இரண்டு வருஷமாகிறது. பாடையைத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர்.

விளையாட்டுக்குக் கேட்டிருப்பார் என்றேன். இப்படியா விளையாடுவாங்க அக்கா என்று கேட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.

அக்டோபர் 19, சனி

ஈரோட்டுக்காரர்கள் ஐந்து பேர். சாயங்காலம் ஆறரைக்கு அடுப்பைத் தயார் செய்து, கோழியை வைத்து மூடிவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசைய உள்ளே போனேன். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் மூடி வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலும் கீழும் துளைகள் மூடிக் கிடந்தன. கரி செத்துவிட்டது. மறுபடி பற்றவைத்து, அவர்கள் சாப்பிட மிகவும் தாமதமாகிவிட்டது.

நீதான் மூடியிருப்பே என்றார் இவர். இருக்கலாம். மாவு பிசைகிற அவசரத்தில் கவனமில்லாமல் மூடியிருக்கலாம்.

காலையில் ஜன்னலுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. மூடியிலும் கீழ்க் கைப்பிடியிலும் கோடு போட்டுவைத்தேன். முழுக்க, பாதி, கால். என் வசதிக்காக.

அக்டோபர் 25, வெள்ளி

ஜெசிந்தா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் ஒரே மகள், அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அப்பாவிடம் கொடுத்தேன். பேரிமரத்தில் குரங்கு வந்ததைச் சொன்னார். மாப்பிள்ளையைக் கேட்டார். பிறகு பேரிமரத்தில் குரங்கு வந்ததைச் சொன்னார்.

அப்பா நல்லா இருக்காராம்மா என்று என்னிடம் கேட்டாள். நல்லா இருக்கார், லைன் சரியில்லை என்று சொன்னேன்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக் கூட்டம். இரண்டு அறையும் நிரம்பி, கூடத்திலும் பாய் போட்டோம். அடுப்பு எனக்குப் பழகிவிட்டது. மூடியிலுள்ள சூட்டுமானியின் முள்ளைப் பார்ப்பதைவிட மேல் துளைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பது சுலபம். இவர் அப்படித்தான் பார்ப்பார். எவ்வளவு நேரம் கை தாங்குகிறதோ அதுதான் கணக்கு.

மதுரைக்காரர் ஒருவர், இந்த மாதிரிக் கோழி எங்கேயும் சாப்பிட்டதில்லை என்று இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் சிரித்துக்கொண்டு, எல்லாம் காத்துல இருக்கு சார் என்றார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கரி வாங்க இவர் மூஞ்சிக்கல் கடைத்தெருவுக்குப் போனார். சீமைக் கருவேலங் கரி, ஒரு மூட்டை. காலையில் போனவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். கையில் கரி இல்லை, பை இல்லை. நமக்குத் தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இவர் பெருமாள்மலையில் நின்றுகொண்டிருந்தாராம், எதிர்த்திசையில்.

பழைய கூட்டாளிகள் யாரையாவது பார்த்திருப்பார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தலையைத் துவட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

இனிமேல் கரி வாங்கிவரக் கோமதியிடம் சொல்லிவிடலாம்.

நவம்பர் 11, திங்கள்

மழை விடவில்லை. வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. எனக்கு உடம்பு வலி.

நவம்பர் 12, செவ்வாய்

காய்ச்சல்.

நவம்பர் 13, புதன்

காய்ச்சல் ஏறி இறங்குகிறது. இவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பில்லை, குடித்தேன். இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பல் தந்தியடிப்பதைப் பார்த்துவிட்டு இவர் கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கை இப்போதுதான் எழுத வளைகிறது.

நடந்ததை எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி மத்தியானம் தூங்கிப்போனேன். இடையில் ஒருமுறை விழிப்பு வந்தது. அறை கதகதப்பாக இருந்தது. அந்த மூன்று நாளில் அப்போதுதான் குளிர் விட்டது. சுகமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். காலடியில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ நின்றது. அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அது அங்கே இருக்கக் கூடாது என்பதும் தெரிந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், கால் என்னுடையதாக இல்லை. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கினாற்போல வலி. காய்ச்சல் என்று நினைத்து மறுபடி கண்ணை மூடினேன்.

மீதி கோமதி சொன்னது. அறைச்சாவி வாங்க வந்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லாமல் கதவைத் தள்ளியிருக்கிறாள். கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. கதவுக்கடியில் துண்டு சுருட்டிச் செருகியிருந்தது, குளிர்காற்று வரக் கூடாதென்று. ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாள். தோளால் மோதித் திறந்து, ஜன்னலைத் திறந்து, முதலில் என்னை இழுத்துப் போட்டு, பிறகு இவரை இழுத்திருக்கிறாள். இவர் வாசலில் வாந்தி எடுத்திருக்கிறார். நடுநடுவே எழுந்து போய் வந்துகொண்டிருந்ததால் இவருக்கு அவ்வளவாக இல்லை. எனக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

புகையே இல்லக்கா என்று கோமதி திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசனைகூட இல்லையாம். இருக்காது. நன்றாகப் பூத்த கரியில் புகை வராது. கரி விடுகிற விஷக்காற்றுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை.

துளைகள் எப்படி இருந்தன என்று அவளிடம் கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோலப் பார்த்தாள். மூடி போட்டிருந்தது, கீழே கால் கோடு, மேலே பாதிக் கோடு என்றாள். நிதானமாக, நீண்ட நேரம் நின்று எரிவதற்கான அளவு. அதில் ஒரு பிழையும் இல்லை.

டாக்டர் கேட்டபோது, குளிர் தாங்காமல் நான்தான் அடுப்பை உள்ளே கொண்டுவந்தேன் என்று சொன்னேன். இந்தக் காய்ச்சலோடா என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 20, புதன்

எழுந்து நடக்க முடிகிறது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

காலையில் இவர் என்னைத் திட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் குரலை உயர்த்தியது குறைவு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ரூமுக்குள்ள கரி அடுப்பு வைக்கலாமா? என்கூட இத்தன வருஷம் இருந்தவதானே நீ? வெளிய இருக்கறப்போ மேல் துளையில போற காத்து ஆகாசத்துக்குப் போகுது. உள்ள வச்சா எங்க போகும்? உன் நெஞ்சுக்குள்ள போகும். மூடி போட்டிருந்தாலும் போகும். ஜன்னலத் திறந்து வச்சாலும் நம்ப முடியாது. இது தெரியாதா உனக்கு?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா வச்ச?"

சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் தான் என்ன செய்வது என்று கேட்டார். பிறகு என் தலையைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேரிமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னது எல்லாமே சரி.

மத்தியானம் ரசம் வைத்தேன். அப்பளம் சுட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

ஜெசிந்தா வந்திருக்கிறாள். நான் காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். கோமதி எல்லாவற்றையும் போனில் சொல்லிவிட்டாள்.

வந்ததும் வராததுமாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து பேசினாள், சிரிக்க வைத்தாள். மருந்துக் கடையில் வயதானவர்கள் கேட்கும் வேடிக்கைக் கேள்விகளைச் சொன்னாள். அப்புறம் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். எப்படி என்றேன். அம்மா என்றாள், அவ்வளவுதான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வயதானால் மறதி வருவது சகஜம் என்றேன். தாத்தாவுக்குக்கூட வந்தது என்றேன். தாத்தா தன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்றாள். கண்டக்டர் விஷயமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் திருச்சிக்கு வந்துவிடுங்கள் என்றாள். அவளுடைய அப்பாவை அந்த அடுப்போடுதான் இந்த ஊருக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். அதை எடுத்துவிட்டால் காலையில் எழுந்து அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். உரித்த வெங்காயத்தை அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"உன்னைக் கோமதியக்கா பார்த்துட்டாங்க. பின்னாடி ரூம்ல தூங்கறவங்கள யாரும்மா பார்ப்பாங்க?"

குக்கர் விசில் வந்தது. இறக்கி வைத்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஜெசிந்தா கிளம்பிவிட்டாள். மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் நேரம் கேட்கட்டுமா என்றாள். பார்க்கலாம் என்றேன். பஸ் ஏறும்வரை என் முகத்தையே பார்த்தாள்.

நவம்பர் 27, புதன்

பாய்களை வெயிலில் போட்டேன். வெயில் என்று பெயர்தான். சனிக்கிழமைக்குக் கரூர்க் குடும்பம் ஒன்று முன்பே சொல்லிவைத்தது. வர வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்பை நான் மட்டும் தொடுவது என்று இருக்கிறேன். கோமதியும் அன்றைக்கு இங்கேயே இருப்பாள்.

நவம்பர் 30, சனி

கரூர்க்காரர்கள் மத்தியானம் வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, மூன்று வயசுப் பெண் குழந்தை. குழந்தைக்கு மலைக்குளிர் புதுசு. அம்மாவின் சால்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. இவருக்குக் குழந்தையை ரொம்பப் பிடித்துவிட்டது. கொல்லையில் பறித்த பேரிக்காயைத் துடைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் தூறல் தொடங்கியது. அடுப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்திக் கரியைக் கொட்டினேன். ஈரக் காற்று, அதனால் இரண்டு துளையும் முழுக்கத் திறந்தே இருந்தது. கோமதி இறைச்சி கழுவிக்கொண்டிருந்தாள். மசாலாக் கிண்ணத்தை எடுக்க நான் உள்ளே போனேன். கிண்ணம் மேடையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்புகிற நேரம்தான்.

சக்கரம் கல்லில் உருளும் சத்தம் கேட்டது.

இவர் கைப்பிடியைப் பிடித்து அடுப்பை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முதல் அறையின் வாசலுக்கு இன்னும் நாலைந்து தப்படி. மூடிக்கு மேலே காற்று நெளிவது தெரிந்தது. ஒரு கையில் துண்டு வைத்திருந்தார், சுருட்டி.

கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன்.

"எங்க கொண்டு போறீங்க?"

"உள்ளதான். பாப்பாவுக்குக் குளிருதாம் பிலோ. பாவம், நடுங்குது" என்றார்.

அவர் முகத்தில் குழப்பமே இல்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்கிறவருடைய முகம். எனக்குப் பின்னால் கதவுக்கு உள்ளே குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. நகரு, சூடா இருக்கு, பட்டுடும் என்றார் என்னிடம்.

நான் கைப்பிடியின்மேல் கை வைத்தேன். அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு, என்னிடம் என்ன பார்த்தாரோ, கையை எடுத்துவிட்டார். நனையாதீங்க, உள்ளே போங்க என்றேன். போனார்.

அடுப்பை மழைக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் பேரிமரத்தடியில் நிறுத்தினேன். மேல் துளையை மூடினேன். கீழ்த் துளையை மூடினேன். காற்று இல்லாவிட்டால் அது சாகும், ஆனால் உடனே சாகாது. மூடியில் விழுந்த மழைத்துளிகள் முதலில் சீறி ஆவியாயின, அப்புறம் கொதித்தன, கடைசியில் வெறுமனே வழிந்து ஓடின. அதுவரை நின்றேன். கோமதி குடை பிடித்தாள். நீங்க உள்ள போங்க அக்கா, நான் பார்த்துக்கறேன் என்றாள். போகவில்லை.

கரூர்க்காரர்களுக்குக் கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கம்பளி இரண்டு கூடுதலாகக் கொடுத்தேன். அடுப்பை ஏன் அணைத்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். மழை என்றேன்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அக்டோபரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் தெளிவாக இருந்தது. அவள் அழுதாள், நான் அழவில்லை. நேரம் வாங்கு என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய்வந்தோம். கோமதி கரி மூட்டையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வருவதாக இருந்தவர்களுக்கு, அறை இல்லை என்று சொல்லிவிட்டேன். வாய் வந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

மதுரை. ஜெசிந்தா திருச்சியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் இளவயதுக்காரர், அவசரப்படாதவர். இவரிடம் பெயர், ஊர், மகள் பெயர் எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னார். என்ன மாசம் என்றதற்கு ஜன்னலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஆடி என்றார். டாக்டர் திருத்தவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார். விடுதியில் எத்தனை பேருக்குச் சமைத்தார், என்ன சமைத்தார் என்று சொல்லிவிட்டு இவர் அடுப்புக்கு வந்தார். கீழ்க்காற்று, மேற்காற்று, கரியை எந்தப் பக்கம் குவிக்க வேண்டும், மூடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கே ஒரு கணம், நாம் எதற்கு இங்கே வந்தோம் என்று இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சார், ரூமுக்குள்ள மட்டும் வைக்கவே கூடாது" என்றார் இவர். "இவ ஒருநாள் வச்சுட்டா. நல்லவேளை, பொழைச்சா."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

"நான் வைக்கலைங்க" என்றேன். "நீங்கதான் கொண்டு வந்தீங்க. எனக்குக் குளிருச்சுன்னு."

இவர் என் பக்கம் திரும்பினார். "நானா?"

"ஆமா."

"கதவுக்கடியில துண்டு?"

"அதுவும் நீங்கதான். போன சனிக்கிழமை அந்தப் பாப்பா ரூமுக்கும் கொண்டு போனீங்க. நான் வந்து நிறுத்துனேன்."

மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அப்படியா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு டாக்டர் கேட்ட எதற்கும் அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இது குணமாகிற வியாதி இல்லை என்றும், வேகத்தை வேண்டுமானால் குறைக்கப் பார்க்கலாம் என்றும் டாக்டர் வெளியே எங்களிடம் சொன்னார். தனியாக விட வேண்டாம், நெருப்புப் பக்கம் விடவே வேண்டாம் என்றார். ஜனவரியில் திருச்சிக்கு வந்துவிடுகிறோம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு அப்பாவின் மப்ளரைச் சரி செய்தாள்.

அவளைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாங்கள் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினோம். வத்தலகுண்டு வரைக்கும் இவர் கண்ணை மூடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மலை ஏற ஆரம்பித்த பிறகு கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதா?"

"தலைதான். வலிச்சுது."

பஸ் ஒரு வளைவில் நின்று, எதிரே வந்த லாரிக்கு வழி விட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். "டாக்டர் முன்னாடி, பிள்ள முன்னாடி தெரிஞ்சுக்கற மாதிரி ஆயிருச்சு. நான் அன்னிக்கு உன்ன அவ்வளவு திட்டினேன். நீ கேட்டுக்கிட்டே இருந்த."

மன்னிச்சுக்குங்க என்றேன்.

"அதுக்கில்ல. இனிமே நான் என்ன செஞ்சாலும் எங்கிட்ட முதல்ல சொல்லிரு. அசிங்கமா இருந்தாலும் சொல்லிரு. மத்தவங்க சொல்லி நான் கேக்க வேண்டாம், பிலோ."

சரி என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. டிரைவர் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். ஊத்து கிராமத்தைத் தாண்டியதும் இவர் தூங்கிவிட்டார். பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியபோது விழித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தார்.

"எங்க போயிட்டு வர்றோம் பிலோ? உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

எனக்கு ஒண்ணுமில்லைங்க, உங்களுக்காகத்தான் போனோம் என்றேன். ஏன் என்று கேட்டார். டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, சேலத்துக்காரர்கள் வந்த அன்று கோழி கருகியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பஸ் கிளம்பி, வில்பட்டி ரோட்டில் நாங்கள் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.